கைக்குட்டை விரிக்கும் ட்ராகன்

ஜூன் 8, 2024, சனி

இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கும் சொல்ல முடியாது. இன்று காலை நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, தோசைத்திருப்பியை வாளாகவும் பெரிய குக்கர் மூடியைக் கேடயமாகவும் பிடித்து, ஃபிரிட்ஜைப் பார்த்து "வாடா, இருளின் மைந்தா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பின்கதவில் கேஸ் சிலிண்டர் போடுகிறவன் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து நின்றிருந்தான்.

"இன்னா மேடம், பேய் ஓட்றீங்களா?"

"இல்லப்பா, கை வலி எப்படி கீதுன்னு பாத்துகினு இருந்தேன்."

"தைலம் தேச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, சில்லறைகூட வாங்காமல் போய்விட்டான்.

நான் எழுதும் கதையின் பதினொன்றாம் அத்தியாயத்தில் என் சேனாதிபதி விடியலிலிருந்து பொழுது சாயும்வரை வாள் வீசுகிறான். ஒரு மனுஷனால் அவ்வளவு நேரம் முடியுமா என்று பார்க்கத்தான் இதெல்லாம். எனக்குப் பால் பொங்குவதற்குள் தோள் கழன்றுவிட்டது. ஆகவே சேனாதிபதி இனி அடிக்கடி உட்காருவான். அனுபவிக்காமல் எதையும் எழுதுவதில்லை, இதுதான் என் முறை. சாவு மட்டும் விதிவிலக்கு.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் மூன்று பேர் "கை வலி இப்போ பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் பாஸ்டரம்மா.

ஜூன் 13, வியாழன்

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் மனோகர் போன் செய்தார். பாவம், நல்ல மனுஷன். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் நான் இருபது வருஷமாக எழுதிய சிரிப்பு நாடகங்களை இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ அவருக்கு அனுப்பிவைத்தார்கள். "நகைச்சுவைக் கட்டுரையா ஒரு புத்தகம் குடுங்க மேடம்" என்று கேட்டார். "கட்டுரை இல்ல சார். அஞ்சு பாகத்துல ஒரு காவியம் இருக்கு. பூமிக்கடியில ஒரு பேரரசு, ட்ராகன், மந்திரவாள் எல்லாம் உண்டு" என்றேன். வாய்தான் சொல்லிற்று, அப்போது கையில் ஒரு வரிகூட இல்லை. அவர் சிரித்தார். சிரித்தவரிடம் காட்டிவிட வேண்டும் என்று எழுத ஆரம்பித்ததுதான் 'நெடுங்குழி நாடு'.

இப்போது நான்கு பாகம் முடிந்து ஐந்தாவது ஓடுகிறது. செப்டம்பர் முடிவுக்குள் கடைசி அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு வராதாம். அப்புறம் அடுத்த வருஷம், அதற்கப்புறம் 'பாக்கலாம் மேடம்'. 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்க்க வந்துவிட்டுப் போன மூன்று மாப்பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இன்று கூடவே இன்னொன்றும் கேட்டார்: 'என் ஆதர்சங்களும் எழுத்து முறையும்' என்று புத்தகத்தின் பின்னால் போட ஒரு கட்டுரை.

சாயங்காலமே எழுதி லாய்டிடம் காட்டினேன். "சிறுவயது முதலே உலகத்தின் தொன்மங்களில் தோய்ந்து வளர்ந்தவள் நான்" என்று ஆரம்பம். லாய்ட் என் புருஷன், ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். படித்துக்கொண்டே டீ குடித்தார். டீ மூக்கு வழியாக வந்தது.

"நீ தோய்ஞ்சது எதுல தெரியுமா? அடுத்த வீட்டு சண்டைல."

கிழித்துவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

எழுத்தாளருக்கு மலையடிவாரமும் தனியறையும் வேண்டும் என்பார்கள். எனக்கு மாரிகுப்பம் – பெங்களூரு வண்டியில் ஜன்னலோரம் போதும். வீட்டில் மாவு அரைக்கணும், ஆபீஸில் கார்மென்ட்ஸ் கம்பெனிக் கணக்கு. நடுவில் வண்டியில் போகிற நேரம்தான் எனக்கே எனக்கு. போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஒரு சாம்ராஜ்யத்தையே கட்டியிருக்கிறேன்.

ஆனால் வண்டி மாரிகுப்பத்தில் கிளம்பி, நான் ஏறும் உரிகம் வருவதற்குள் நிறைந்துவிடும். எனக்கு இடம் இருப்பதற்கு ஒரே காரணம் ரெபேக்கா அக்கா. மாரிகுப்பத்தில் ஏறியவுடன் ஜன்னலோரத்தில் ஒரு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை விரிப்பாள். அவ்வளவுதான். எங்கள் வண்டியில் கைக்குட்டை விரித்த இடம் பட்டா போட்ட இடம். அதிலும் ரெபேக்கா அக்காவின் கைக்குட்டை என்றால் டிக்கெட் பரிசோதகர்கூட சுற்றிக்கொண்டு போவார். போன வாரம் ஒரு அம்மா தெரியாமல் உட்கார வந்தாள்.

"இங்க ஆள் வருது."

"வரட்டும். வந்தா எழுந்துக்கறேன்."

"எழுந்துக்கறவங்க இன்னாத்துக்கு உக்காரணும்?"

அந்த அம்மா பங்காருப்பேட்டை வரை நின்றுகொண்டே இதற்குப் பதில் யோசித்தாள்.

இதற்குக் கூலியாகத் தினமும் நான் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டவேண்டும். பெட்டியில் பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம், மீதி கன்னட மீடியம். எல்லோருக்கும் தமிழில் சண்டை போட வரும், படிக்க வராது. எதிர் சீட்டு ஷாலினிதான் இளசு. அவளும் மாரிகுப்பத்தில்தான் ஏறுகிறாள். அவளிடம் இடம் பிடிக்கச் சொன்னால் பிடித்த இடத்திலேயே தூங்கிவிடுவாள். அவள்கூடக் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுக் கதை கேட்கிறாள்.

ஜூன் 23, ஞாயிறு

காவியம் என்றால் முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கவேண்டும். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து வரைந்து, பெரிது பண்ணித் தரச்சொல்லி லாய்டிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இந்த வெண்சாம்பல் மலைத்தொடர் நம்ம சுரங்கத்துக் கழிவுக் குவியல், சயனைடு மேடு."

"இல்ல."

"இந்த மாயவனம் மார்க்கெட்டு. நடுவுல ரத்த ஆறு ஓடுது பாரு, அது மீன் கடை."

"இல்லங்க, அது கற்பனை."

"இங்க ஒரு சின்னக் கோட்டை போட்டு 'பேராசையின் கோட்டை'ன்னு எழுதியிருக்க. இது என் கடை இல்ல?"

ஆனாலும் பெரிது பண்ணித் தந்துவிட்டார். காசு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டையின் பெயரை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

பெயர்கள் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று மனோகர் கேட்டார். கதாநாயகன் பரசித்தமாலன், அவன் தாய் மெத்பார்மினி. "வடமொழி வேர்ச்சொல்லா மேடம்? ரொம்பப் பழைய ஓசை இருக்கு."

"ஆமா சார், ரொம்ப நாளா வீட்ல இருக்கு" என்றேன்.

பொய் இல்லை. ஒன்று என் காய்ச்சல் மாத்திரை, இன்னொன்று லாய்டின் சர்க்கரை மாத்திரை. அலமாரியைத் திறந்தால் ஒரு ராஜவம்சமே இருக்கிறது. இருமல் மருந்துகளை மந்திரவாதிகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

மனோகர் நான்கு பாகத்தையும் படித்துவிட்டார். ஒரு மணி நேரம் பேசினார். பாராட்டுகிறாரா சந்தேகப்படுகிறாரா என்று கடைசிவரை பிடிபடவில்லை.

"மேடம், பாதாளத்துல மாபெரும் போர் நடக்குது. திடீர்னு சங்கு ஊதுது. ரெண்டு பக்கமும் சண்டைய நிறுத்திட்டுப் போயிடறாங்க. வேற ஆளுங்க வந்து சண்டை போடறாங்க."

"ஆமா சார். ஷிப்ட் முடிஞ்சிடுச்சில்ல?"

"அரக்கர்களுக்கு... ஷிப்ட்டா?"

"மூணு ஷிப்ட் சார். அதுலயும் ராத்திரி ஷிப்ட்ல அரக்கன் கம்மிதான். பாதி பேர் உடம்பு சரியில்லன்னு மட்டம் போட்டுடுவான்."

"அந்த மகா பயங்கரமான அரக்கர்கோன்... டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு இரும்புக் கூண்டுல இறங்கறானே?"

"சாப்பிடாம எப்படி சார் வேலை செய்வான்?"

அவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. மேடம், பாதாளத்தை இப்படி யாரும் யோசித்ததே இல்லை, என்ன ஒரு கற்பனை, எங்கிருந்து வந்தது என்கிறார். நான் யோசிக்கவே இல்லையே. பாதாளம் என்றால் வேறு எப்படி இருக்கும்? சங்கு ஊதும், இறங்குவார்கள், சங்கு ஊதும், ஏறுவார்கள், ஏறி வந்தவுடன் சம்பளம் பற்றாது என்பார்கள். இப்போது மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் மேல் ஐம்பத்தோரு வருஷமாகக் குடியிருக்கிறேன், பூமிக்கடியில் பயப்படுவதற்கு ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் செய்தது தப்பு என்று தெரிந்திருந்தால் மாற்றியிருப்பேன். இப்போது அதுதான் புத்தகத்தின் சிறப்பாம். மாற்றக்கூடாதாம்.

இன்னொன்றை அவரிடம் சொல்லவில்லை. நான் பூமிக்கடியில் போனதே இல்லை. பெங்களூரில் ஒருமுறை அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் இறங்கினேன். தலை சுற்றி, லாய்ட் கைத்தாங்கலாக மேலே ஏற்றினார்.

ஜூலை 15, திங்கள்

ட்ராகன் பிறந்துவிட்டது!

இத்தனை நாள் வரவில்லை. நெருப்பு கக்க வைத்தேன், விஷம் கக்க வைத்தேன். கோமாளி மாதிரி இருந்தது. இன்று காலை ரெபேக்கா அக்கா கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் எழுதி முடித்தேன்.

பெயர் கொடுங்குரலி. பொற்குகை வாசலில் தன் சிறகை நீலக் கம்பளம் போல் விரித்துப் படுத்திருக்கும். நெருப்பு கக்காது, கேள்வி கேட்கும். "எங்கிருந்து வர்ற? கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகல? பையன் என்ன பண்றான்? வேலை கெடைக்கலன்னா ஏன் கெடைக்கல?" மாவீரர்கள் மூன்றாவது கேள்வியில் வாளைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

அக்காவின் மற்றதையும் சேர்த்துவிட்டேன். இப்போதெல்லாம் அவள் பையில் டிபன் பாக்ஸ்கூட இல்லை, சும்மா காலிப் பை. இடம் பிடிக்க மட்டுமே கொண்டுவருகிறாள் போல, தந்திரக்காரி. அதையும் எழுதினேன்: 'கொடுங்குரலியின் பொற்குகைக்குள் பொன் இல்லை, காவல் மட்டுமே இருந்தது.' நானா எழுதினேன் என்று இருக்கிறது.

மாலை வண்டியிலும் முன்னே இருப்பாள், இந்த வருஷம் காணோம். ஆபீஸில் நேரத்தை மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். "ம்" என்றாள். சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. குடுத்து வைத்தவள்.

படித்துக் காட்டும்போது ட்ராகன் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

கட்டுரை, இரண்டாம் முயற்சி. "ஞாயிறு பள்ளியில் கழுதை பேசிற்று, மீன் மனிதனை விழுங்கிற்று, எக்காளம் ஊதினால் மதில் விழுந்தது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் ஆச்சரியமாக இல்லை." இது கொஞ்சம் நிஜம். ஆனால் அதே ஞாயிறு பள்ளியில்தான் நான் பாதி நேரம் வெளியே முட்டிபோட்டு நின்றேன் என்பதையும் எழுதவேண்டி வரும். கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரெபேக்கா அக்கா இந்த வாரம் இல்லை. வேலூரில் அண்ணன் மகள் கல்யாணம். போவதற்குமுன் ஷாலினியிடம் கைக்குட்டையை ஒப்படைத்து, தூங்கினால் காதைத் திருகுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

பூனை இல்லாத வீட்டில் எலி என்ன செய்யுமோ அதைச் செய்தேன். ட்ராகன் அத்தியாயத்தைப் படித்தேன், அக்காவின் குரலோடு.

பெட்டி என்ன சிரிப்பு சிரித்தது! பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஷாலினி, "ஆன்ட்டி, டோட்டலி ரெபேக்கா ஆன்ட்டிதான்!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டார்கள். "பரசித்தமாலன் ஒரே குத்தில் கொன்றுவிடுவான்" என்றேன். கைதட்டினார்கள்.

இருபது வருஷ நாடகத்தில் இப்படிக் கைதட்டு வாங்கியதில்லை. இறங்கி ஆபீஸ்வரை மிதந்து போனேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐயோ.

உரிகத்தில் ஏறினேன். அக்கா வந்துவிட்டாள், கல்யாண மைசூர்பாகு டப்பாவோடு. என் இடத்தில் நீலக் கைக்குட்டை. நான் உட்காருவதற்குள் பின்னாலிருந்து ஏதோ ஒரு கொழுப்பெடுத்தது, "கொடுங்குரலி வந்துட்டா, எல்லாரும் வாளக் கீழ போடுங்க!" என்றது. பெட்டியே சிரித்தது. அக்காவும் கூடச் சிரித்தாள். "யாருடி அது கொடுங்குரலி?" என்று என்னிடம்தான் கேட்டாள்.

நான் மைசூர்பாகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பேசவேண்டாமே.

என் முகம் சொல்லிவிட்டது. அவள் டப்பாவை மூடினாள். பெங்களூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேள்வியே கேட்காத ரெபேக்கா அக்காவை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கைக்குட்டை இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒரு வாரமாக நின்றுகொண்டு போகிறேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் காவியம் எழுத முடியாது என்று கண்டுபிடித்திருக்கிறேன். நேற்று போன் கைநழுவி ஒரு அம்மாவின் கொத்தமல்லிக் கட்டில் விழுந்தது. பரசித்தமாலன் வாளை ஓங்கியபடியே ஒரு வாரமாக நிற்கிறான். அவனுக்கும் தோள் கழன்றிருக்கும்.

கதை படிப்பதும் நின்றுவிட்டது. நின்றுகொண்டே படிக்கலாம்தான். யார் முகத்தைப் பார்த்துப் படிப்பது?

லாய்டிடம் சொன்னேன். அவர் யோசனை சொன்னார்: "ட்ராகனுக்கு வேற யாரையாவது வெச்சுடு."

"யாரை?"

"உங்கம்மாவ வெச்சுடேன். அவங்களுக்கு ட்ரெயின்ல போற வேலை இல்லயே."

ஆகஸ்ட் 23, வெள்ளி

மாரிகுப்பத்துக்கே போய் நானே இடம் பிடிப்பது என்று முடிவுசெய்து, லாய்டை எழுப்பி, ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனேன். முதல் ஆளாக ஏறினேன். ஜன்னலோரத்தில் என் கைக்குட்டையை, பூப்போட்டது, இஸ்திரி போட்டது, விரித்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு அம்மா அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கைக்குட்டை போட்டிருந்தேனே?"

"ஓ, உங்களுதா? யாரோ விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லி எடுத்துக் கையில் கொடுத்தாள்.

துணியில் ஒன்றும் இல்லை. விரித்த கையில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு சீட்டு தள்ளி ரெபேக்கா அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் துடித்ததோ? தெரியவில்லை. கண்ணாடி கொண்டு போகவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மனோகர்: "கடைசி அத்தியாயம் எப்ப மேடம்? அட்டைப்படம் ரெடி. ட்ராகன் நெஞ்சில வாள் எறங்கற மாதிரி போட்டிருக்கோம்."

படத்தை அனுப்பினார். அந்த ட்ராகனுக்கு அக்காவின் மூக்கு மாதிரியே இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து வரைந்தவனுக்கு எப்படித் தெரியும்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எழுதமாட்டேன் என்று இல்லை. உட்கார இடம் கிடைத்த அன்றும் எழுதிப் பார்த்தேன். வாள் இறங்கமாட்டேன் என்கிறது. இரண்டு வாரமாகத் தூங்கிப்போகிற பெட்டியாகிவிட்டது எங்கள் பெட்டி. ஷாலினி மறுபடி காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள்.

செப்டம்பர் 4, புதன்

அக்கா தானாகவே பேசினாள்!

நான் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன், அவள் சீட்டுக்குப் பக்கத்தில். பக்கத்தில் நிற்கக்கூடாது என்று எழுதியா போட்டிருக்கிறது? கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும், முகத்தைத் திருப்பாமலே ஆரம்பித்தாள்.

"பியூலா, என்ன ட்ராகனா வெச்ச. சரி. ஊர்ல எனக்கு அதவிட மோசமான பேரெல்லாம் கீது. அது இல்ல எனக்கு."

"அக்கா, நான்..."

"பேசாத. ஒரு பொடிப்பையன் வந்து என்ன ஒரே குத்துல கொன்னுடறானாமே? ஷாலினி சொன்னா."

"கதைல அப்படித்தாங்க்கா..."

"மீசை மொளைக்காத பையன்! காய்ச்சல் மாத்திரை பேர வெச்சுகினு ஒருத்தன்! அவன் வந்து என்ன ஒரே குத்து! நானு இன்னா பண்ணிகினு இருந்தேன், கொறட்ட விட்டுகினா? இந்தப் பெட்டில எத்தினி பேர சமாளிச்சிருக்கேன். எவளாவது என் கைக்குட்டை மேல உக்காந்திருக்காளா? உன்னுது மேல உக்காந்தா, நானு பாத்தேன்."

பெட்டி முழுக்க முழித்துக்கொண்டது. ஷாலினி ஒயரைக் கழற்றினாள்.

மூன்று வாரமாக அவள் மனம் நொந்திருக்கிறாள், கோரமாக எழுதிவிட்டோம் என்று நான் உருகிக்கொண்டிருந்தால், இவளுக்கு மானக்கேடு ட்ராகன் ஆனதில் இல்லை, தோற்றதில்!

"அப்ப எப்படிக்கா உங்கள ஜெயிக்கறது?"

"அது உன் வேலை. நீதான எழுத்தாளரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில்: "கதையும் நிறுத்திட்ட. அப்புறம் நானு இன்னாத்துக்கு இந்த ட்ரெயின்ல வரணும்?"

ஆபீஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள் போல. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்குக் கால் வலி உயிர் போயிற்று. மூன்று பேர் சீட்டில் ஏற்கனவே மூன்று பேர் இருந்தார்கள். பெங்களூர் வண்டியில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது:

"அக்கா, ஸொல்ப அட்ஜஸ்ட் மாடி. கொஞ்சம் தள்ளுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, அரையடி நகர்ந்தாள். அவள் நகர்ந்ததும் நடு சீட்டுக்காரி நகர்ந்தாள், அடுத்தவளும் நகர்ந்தாள். ஓரத்தில் நான்காவது ஆளாக, பாதி உடம்பு உள்ளே பாதி வெளியே, உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவுடன் தெரிந்துவிட்டது.

போனை எடுத்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

எழுதி முடித்தேன். அந்த அரை சீட்டில், ஒரு காலைத் தரையில் ஊன்றி.

பதினாயிரம் பேர் படையோடு பரசித்தமாலன் பொற்குகை வாசலுக்கு வருகிறான். வாளை ஓங்குகிறான். கொடுங்குரலி கேள்வி கேட்கிறது. வாள் கீழே விழுகிறது. அவன் தாய் மெத்பார்மினி கிளம்பும்போது சொன்ன மந்திரம் அப்போது நினைவுக்கு வருகிறது. கைகூப்பிச் சொல்கிறான்: "அரையடி நகர்ந்தருள்க, அம்மையே."

ஆயிரம் வருஷமாக அந்தப் பறவைநாகத்தைக் குத்த வந்தவர்கள் உண்டு, ஏமாற்ற வந்தவர்கள் உண்டு. கேட்டவர் யாருமில்லை. கொடுங்குரலி பெருமூச்சு விட்டு அரையடி நகர்கிறது. அந்த அரையடி வழியாகப் பதினாயிரம் பேரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒவ்வொருவரையும், கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்துத்தான் விடுகிறது. மூன்று ஷிப்ட் ஆகிறது.

சத்தமாகப் படித்தேன். முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ரெபேக்கா அக்காவைப் பார்த்தார்கள்.

"பரவால்ல" என்றாள். பிறகு, "பத்தாயிரம் பேர்னா மூணு ஷிப்ட் பத்தாது. நானு ஒவ்வொருத்தனாண்டயும் நல்லா பேசணும்ல? ஆறு போடு."

ஆறு போட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கைக்குட்டை வந்துவிட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

அட்டைப்படத்திலிருந்து வாளை எடுக்கச் சொல்லி மனோகரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். ட்ராகன் சாகாத காவியம் விற்காது என்றார். அத்தியாயத்தைப் படித்துவிட்டு, வாளை எடுத்துவிட்டேன் என்று மெசேஜ் அனுப்பினார். மூக்கை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

கட்டுரையும் போய்விட்டது. நான்காவது முயற்சி. தொன்மங்கள் இல்லை, தோய்தல் இல்லை. கடைசிப் பத்தியை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது என்பதால்:

'எனக்குக் கற்பனை கிடையாது. கண் உண்டு, காது உண்டு, அடக்கமுடியாத வாய் உண்டு. நான் செய்வதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருப்பவரை விடாமல் கவனிப்பது, பிறகு அவருக்குச் சிறகு வைப்பது. எங்கள் பெட்டியில் யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார்மேல் கோபம், யார் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். என் கண்ணுக்குத் தப்பியது என்று ஒன்றுமில்லை. இதுவே என் எழுத்து முறை.'

லாய்ட் படித்தார். டீ மூக்கில் வரவில்லை. "இது நீதான்" என்றார்.

பிப்ரவரி 3, 2025, திங்கள்

புத்தகம் வந்துவிட்டது. தலையணை மாதிரி இருக்கிறது. கண்காட்சியில் சுமாராகப் போயிற்றாம். 'அரக்கர்களுக்கு ஷிப்ட்' என்று ஒரு பையன் போனில் வீடியோ போட்டானாம், அதற்கப்புறம் நன்றாகப் போயிற்றாம்.

முதல் பிரதி ரெபேக்கா அக்காவுக்கு. போன வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தமிழ் படிக்கத் தெரியாது என்றாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள், எங்கே தன் பெயர் என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கையில் தூக்கி எடை பார்த்தாள்.

"நல்ல கனம். காத்துல பறக்காது" என்றாள்.

மறுநாளிலிருந்து கைக்குட்டைக்குப் பதில் என் இடத்தில் 'நெடுங்குழி நாடு' இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

உரிகத்தில் ஏறினேன். ஜன்னலோரத்தில் புத்தகம் இருந்தது, அக்கா இல்லை.

"ரெபேக்கா ஆன்ட்டிக்கு ஜுரம்" என்றாள் ஷாலினி. "மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, புக்க வெச்சுட்டு, யாரையும் உக்கார விடாதடின்னு சொல்லிட்டு எறங்கிப் போய்ட்டாங்க."

"ஜுரத்தோட எதுக்கு வரணும்? போன்ல சொல்லியிருக்கலாமே. ஆபீஸுக்காவது லீவு சொல்லிட்டாங்களா?"

"எந்த ஆபீஸ் ஆன்ட்டி?"

அவள் விளையாடவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள். இந்தப் பெட்டியில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ரெபேக்கா அக்கா போன வருஷம் ஏப்ரலிலேயே ரிடையர் ஆகிவிட்டாளாம். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்பிவிடுவாளாம்.

சீசன் டிக்கெட்டை மட்டும் மாதாமாதம் புதுப்பிக்கிறாளாம்.